ஐயா ஊர் திரும்பிய பிறகு நடந்த தூரம்

எங்கள் வீட்டில் ஐயாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஒரே வரிதான்: “ரங்கூன்லேருந்து நடந்தே வந்த மனுசன்.” ஐயா என்றால் என் அப்பாவைப் பெற்றவர். பெரியப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், கல்யாணப் பேச்சு நடக்கும்போது சம்பந்தி வீட்டாரிடம்கூட இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கேட்கிறவர்கள் “அடேயப்பா” என்பார்கள், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். சிவகங்கை, தேவகோட்டை, திருவாடானைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தா அங்கே பல குடும்பங்களில் உண்டு, பல குடும்பங்களில் அவர் கதை இந்த ஒரு வரியோடு நின்றும் போனது.

எனக்கு இந்த வரி மேல் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். அது பொய் என்பதால் அல்ல. அதையே சொல்லிச் சொல்லி, ஐயா செய்ததில் எது உண்மையிலேயே பெரிய காரியமோ அதை வீடே மறந்துவிட்டது. நடந்து வந்தது உயிர் பிழைக்க, அவரோடு லட்சக்கணக்கான பேர் நடந்தார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு, காய்ச்சல் முழுசாக விடாத உடம்போடு, யாரும் சொல்லாமலேயே மறுபடி நடக்கத் தொடங்கினாரே, அதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். அதை எனக்குச் சொன்னது அப்பத்தா. திண்ணையில் ஆண்கள் ரங்கூன் வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் எழுந்து போன பிறகு, கேட்டால், சொல்வாள்.

ஐயா ரங்கூனுக்குக் கப்பலேறியது 1940 கடைசியில், கல்யாணமாகிச் சில மாதங்களில். அவருக்கு இருபது வயது, அப்பத்தாவுக்குப் பதினைந்து. ஒரு செட்டியாருக்குச் சொந்தமான அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. பெண்டாட்டியைக் கூட்டிப்போகும் வழக்கம் கிடையாது, மூன்று வருஷம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் பர்மா போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், ரங்கூன் நகரத்து ஜனங்களில் பாதிக்கும் மேல் நம் ஆட்கள். மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், ஆலைக் கூலிகள், மேஸ்திரி கூட்டிப்போன அறுவடை ஆட்கள், அவர்களுக்கெல்லாம் மேலே வட்டிக்கடைகள்.

வட்டிக்கடை என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், நம் வீட்டுக் கதைகளில் எப்போதும் விட்டுப்போகிற பக்கம் அது. 1930ல் உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது நெல் விலையும் பாதிக்குக் கீழே விழுந்தது. கடன் வாங்கி விதைத்த பர்மிய விவசாயிகளால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் வசம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம், 1938 வாக்கில் அது 25 சதவீதம். உழுதவன் கண் முன்னால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. 1930லும் 1938லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த நிலத்தை மறைத்துவிட்டு அந்தக் கோபத்தைப் பேச முடியாது. ஐயாவுக்கு இது தெரியும். கணக்கு எழுதியவர், எந்த வயல் எப்படி வந்தது என்று ஏட்டில் பார்த்தவர். “அவன் கோவம் ஞாயந்தானத்தா, நம்ம ஆளுக அதச் சொல்ல மாட்டாக” என்று அவர் சொன்னதாக அப்பத்தா ஒருதரம் சொன்னாள்.

சரி, யுத்தத்துக்கு வருவோம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அதுவரைக்கும் அப்படி ஒன்றைப் பார்த்திராத ஊர். விமானச் சத்தம் கேட்டதும் பதுங்காமல், தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள் ஜனங்கள். அன்று செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று மறுபடி. அதோடு துறைமுகக் கூலிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஆலை ஆட்களும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கோ அவர்கள் போய்விட்டால் கப்பலில் சரக்கு இறக்க ஆளில்லை. அதனால் புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து போகிற பாதையைக் கொஞ்ச நாள் அடைத்துவைத்து, போனவர்களைத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். காசுள்ளவர்களுக்கும் வெள்ளைத் தோலுக்கும் முதல் இடம். கடைசியில் பிப்ரவரி 20ஆம் தேதி வாக்கில், நகரத்தைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், எல்லாரும் போகலாம் என்றது அதே அரசாங்கம். மார்ச் 8 அன்று ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தது.

ஐயா கிளம்பியது அந்தப் பிப்ரவரிக் கடைசியில். ஆலையிலும் அக்கம்பக்கத்திலும் வேலை பார்த்த நம் சீமைக்காரர்கள் பதினோரு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்தார்கள். அதில் வயதில் சின்னவர் ஐயா.

நடந்தே வந்தார் என்கிறார்களே, ரங்கூனிலிருந்து ஐயா முழுத் தூரமும் நடந்து வரவில்லை. வடக்குப் பாதையில் வந்தவர்களின் பயணம் பல துண்டுகளாகத்தான் இருந்தது. மாண்டலே வரைக்கும் ரயில், கூரை மேலும் ஆள். அங்கே முகாம்களில் வாரக்கணக்கில் காத்திருப்பு. ஐராவதியைத் தாண்டி சகாயிங், அங்கிருந்து மோன்யுவாவுக்கு மறுபடி ரயில். பிறகு சிந்த்வின் ஆற்றில் படகேறி எதிர்நீரில் காலேவா வரைக்கும். அதற்கப்புறம்தான் நடை. கபாவ் பள்ளத்தாக்கு வழியாகத் தாமு, தாமுவிலிருந்து மலையேறி மணிப்பூரில் உள்ள பாலேல். நூறு மைலுக்கு மேல். பாலேலிலிருந்து லாரி கிடைத்தால் லாரி, இம்பால், அங்கிருந்து இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய் திமாப்பூரில் ரயில். அந்த ஸ்டேஷனுக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர்.

இப்படிப் பிரித்துச் சொன்னால் ஐயாவின் பெருமை குறைகிறது என்று சித்தப்பாவுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் காத்திருந்த இடங்கள்தான் ஆட்களைக் கொன்றன. மாண்டலே முகாம்களில் காலரா. ஏப்ரல் 3, புனித வெள்ளி அன்று மாண்டலேயில் குண்டு விழுந்து மரவீடுகள் கொண்ட அந்த நகரத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. ஐயாவின் கூட்டில் இருவர் அந்த முகாமிலேயே வயிற்றுப்போக்கில் போய்விட்டார்கள். கபாவ் பள்ளத்தாக்கில் மலேரியா. நடையிலேயே பார்த்தால் பசியைவிடத் தண்ணீர் பெரிய விஷயம். மலைப்பாதையில் தண்ணீர் இருக்கிற இடத்திலெல்லாம் ஆட்கள் விழுந்து கிடந்தார்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் பின்னால் வருகிறவர்களும் வந்தார்கள். மே மாதம் மழை பிடித்துக்கொண்டதும் பாதையே இல்லாமல் போனது. மே 10 அன்று இம்பாலிலும் குண்டு விழுந்தது. 1942ல் பர்மாவிலிருந்து தரைவழியாக வந்தவர்கள் நாலு லட்சம் பேர் அளவில் இருக்கும், வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஐயா எழுதி வைத்தார்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. சட்டைப் பையில் அடங்குகிற அளவு, கறுப்பு மெழுகுத்துணி அட்டை, ஒரு மூலையில் எலி கடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடியில் விஷு வருஷம் என்று எழுதி, அதற்குப் பிறகு சில பக்கங்களுக்கு ஆலைக் கணக்கு: நெல் மூட்டை, கூலி, பற்று, வரவு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. ஒரு வரிக்கு ஓர் ஆள். பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறகு ஓர் இடத்தின் பெயர், மாதம், தேதி. பங்குனி வரைக்கும் விஷு, சித்திரை பிறந்ததும் கவனமாகச் சித்திரபானு என்று வருஷத்தை மாற்றி எழுதியிருக்கிறார். சாவு விழுந்துகொண்டிருக்கிற மலைப்பாதையில் வருஷம் பிறந்தது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. மாண்டலே என்று இரண்டு வரி. மோன்யுவா என்று ஒன்று. தாமுவுக்கு முன்னால் நாலு, தாமுவுக்கு அப்பால் மூன்று. வரியின் கடைசியில் ஒரு சின்னச் சுழி, அல்லது ஒரு சின்னக் கோடு. சிலவற்றில் இரண்டும் இல்லை.

அவர் கூட்டில் இருந்தவர்கள் பதினோரு பேர்தான். நோட்டில் பெயர்கள் பத்தொன்பது. முதல் ஆள் மாண்டலேயில் போனபோது, ஊரில் சொல்ல வேண்டுமே என்று குறித்துக்கொண்டிருக்கிறார். இவர் எழுதுவதைப் பார்த்து, பக்கத்தில் படுத்திருந்த வேறு கூட்டத்து ஆட்கள் தங்கள் ஆளையும் எழுதச் சொன்னார்கள். அப்புறம் உயிரோடு இருந்தவர்களே, “தம்பி, எம் பேரையும் ஊரையும் எழுதிக்க, போய்ச் சேர்ந்தா அடிச்சிரு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சுழியும் கோடும் இல்லாத பெயர்கள் அவை. எங்கோ ஒரு திருப்பத்தில் பிரிந்து, பிறகு என்ன ஆனார்கள் என்று தெரியாமல் போனவர்கள்.

இதே நேரத்தில் ஊரில் என்ன நடந்தது என்று ஆண்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தை மாதத்தோடு கடுதாசி நின்றுவிட்டது. கப்பலில் வந்து சேர்ந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரங்கூனே எரிந்துவிட்டது என்றார் ஒருவர், ஆலைக்காரர்கள் எல்லாரும் பத்திரமாக மாண்டலே போய்விட்டதாகச் சொன்னார் இன்னொருவர். சித்திரை வந்தது, வைகாசி வந்தது. அப்பத்தாவின் பிறந்த வீட்டிலிருந்து சித்தப்பா முறைக்காரர் ஒருவர் வந்து, எத்தனை நாள் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணலாம் என்று மெதுவாகப் பேச்செடுத்திருக்கிறார். செய்ய வேண்டியது என்றால் காரியம். பதினேழு வயது ஆவதற்குள் தாலியைக் கழற்றுகிற பேச்சு. ஐயாவின் ஆத்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “காரியம் பண்ணணும்னா ஒங்க வீட்டுல யாருக்காச்சும் பண்ணுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. “எம் மாமியா என்னைய ஒருநாளும் நல்லா நடத்துனதில்ல, ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு நான் கடைசி வரைக்கும் அவுகளுக்குக் கஞ்சி ஊத்துனேன்” என்றாள் அப்பத்தா. எங்கள் வீட்டுக் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதுதான். அந்தக் கிழவிக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம், அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

ஐயா வந்து சேர்ந்தது ஆனியில். கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்தபோது அங்கேயும் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டிருந்தது, அடுத்தது சென்னைதான் என்று அரசாங்க அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றி, ஜனங்களையும் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஆயிரக்கணக்கான மைல் ஓடிவந்தவர் இறங்கிய ஊரிலும் அதே பயம். தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் இறங்கி ஊருக்கு நடந்தார். வாசலில் வந்து நின்றவரின் காலைத்தான் அப்பத்தா முதலில் பார்த்தாள். முகாமில் கொடுத்த பட்டாளத்து பூட்ஸ், ஒரு காலுக்குப் பெரியது, இன்னொரு காலுக்குச் சின்னது, சின்னதில் முன்பக்கம் அறுத்துவிட்டு விரல்கள் வெளியே தெரிந்தன. நிமிர்ந்து முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது, “வேற ஆளா இருந்துட்டா?”

வந்ததும் விழுந்துவிட்டார். மலேரியா. கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை, உலகத்துக்கே அது விளைந்து வந்த ஜாவாத் தீவு அந்த மார்ச் மாதமே ஜப்பான் கையில் போயிருந்தது. நிலவேம்பும் கஞ்சியுமாக ஆடி முழுக்கப் படுத்துக் கிடந்தார். ஆவணியில் எழுந்து உட்கார முடிந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த ஊர் எந்தப் பக்கம், எதை எதோடு சேர்த்துப் போகலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

கார்டு போட்டால் போதாதா என்று அப்பத்தா கேட்டிருக்கிறாள். போடமாட்டேன் என்றிருக்கிறார். கார்டு போனால் ஊரில் படிக்கத் தெரிந்த எவனாவது தெருவில் நின்று உரக்கப் படிப்பான், அந்த வீட்டு மனுசர்களுக்குக் கேள்வி இருக்கும், கார்டைக் கேட்க முடியாது. இதுதான் அவர் சொன்ன காரணம். அதனால் நேரில் போனார். திருவாடானை, மானாமதுரை, திருப்பத்தூர், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம், கரி போட்டு ஓட்டுகிற பஸ் ஏதோ ஒரு நேரத்துக்கு வரும், மேட்டில் நிற்கும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். பஸ் போகாத ஊருக்கெல்லாம் நடைதான். காய்ச்சல் வந்தால் திரும்பி வந்து படுப்பார், விட்டதும் கிளம்புவார். அந்த வருஷம் பொங்கல் வரைக்கும் இது நடந்தது.

ஒரு ஊருக்கு அப்பத்தாவையும் கூட்டிப்போனார். செத்துப்போனவருக்கு வீட்டில் இருந்தது ஆத்தாவும் பெண்டாட்டியும் மட்டும், ஆண்கள் கிடையாது. முந்தின தடவை அந்த ஊர் எல்லை வரைக்கும் போய்விட்டு, உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டார். “அந்தப் புள்ளைக்கு ஒன் வயசு இருக்கும், என்னால சொல்ல முடியல, நீ வா” என்று இவளைக் கூப்பிட்டார். போனார்கள். பனையோலை வேய்ந்த வீடு. ஐயா வாசலில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் பேச ஆரம்பிக்க, அப்பத்தா உள்ளே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர் பெண்டாட்டியோடு வந்திருக்கிறார் என்றதுமே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, அப்பத்தாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

வெளியே அந்த அம்மா அழவில்லை. கேள்வியாகக் கேட்டிருக்கிறார். கடைசியாக என்ன சாப்பிட்டான்? கஞ்சி, என்றார் ஐயா. யார் ஊற்றியது? நான்தான். உப்புப் போட்டா?

“போட்டுத்தான் ஆத்தா குடுத்தேன்.”

அவனுக்கு உப்பில்லாமல் இறங்காது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழ ஆரம்பித்தார். திரும்பி வரும் வழியில் ரொம்ப நேரம் ஐயா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார், தாமு தாண்டி மலையேறின பிறகு அவர்கள் யாரிடமும் ஒரு கல் உப்புகூட இல்லை என்று.

சுழிக்கும் கோட்டுக்கும் அர்த்தம் அன்றைக்குத்தான் அப்பத்தாவுக்குத் தெரிந்தது. சுழி போட்டிருந்தால் எரித்தோம் அல்லது புதைத்தோம். கோடு என்றால் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மலைப்பாதையில் விறகு சேர்க்கவோ குழி தோண்டவோ யாருக்கும் சக்தி இல்லை, ஓர் இடத்தில் நின்றால் நின்றவர்களும் அங்கேயே விழ வேண்டியதுதான். நோட்டில் கோடு போட்ட பெயர்கள் ஏழு. “எல்லார் வீட்டுலயும் எரிச்சோம்னுதான் சொன்னாரு. கோடு போட்ட வீட்டுலயும். எந்தக் கட்டையில எரிச்சோம், யாரு கொள்ளி வச்சதுன்னு கேப்பாக, அதையும் சொல்லுவாரு.” கணக்கில் ஒரு காலணா தப்பினாலும் ராத்திரி தூங்காத மனிதர், ஏழு வீட்டில் உட்கார்ந்து இப்படிச் சொல்லியிருக்கிறார். நோட்டில் மட்டும் எதையும் மாற்றவில்லை. கோடு கோடாகத்தான் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில், நீ மட்டும் எப்படித் தப்பி வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், அவன் மடியில் பணம் இருந்திருக்குமே, அது எங்கே என்றார்கள். ஒரு தகப்பனார் நம்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பல வருஷங்கள் மகன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு பெண், அங்கே அவருக்கு வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டாள். இருந்தார்கள். பர்மியப் பெண் ஒருத்தி, ஒரு கைக்குழந்தை. நம் ஆட்கள் பலருக்கு அங்கே அப்படி ஒரு குடும்பம் இருந்தது, 1942ல் கிளம்பும்போது பெரும்பாலோர் அவர்களை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அவர்கள் கதை நம் ஊர்க் கதைகளில் ஒரு வரியாகக்கூட இல்லை. அந்தப் பெண்ணிடம் ஐயா என்ன சொன்னார் என்று அப்பத்தா எனக்குச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

ஐயா மறுபடி கடல் தாண்டவில்லை. உள்ளூரிலேயே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதி, ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். பர்மா 1948 ஜனவரி 4 அன்று சுதந்திரம் பெற்றது, அந்த வருஷமே நில தேசியமயச் சட்டம் வந்தது, செட்டியார்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பர்மாப் பத்திரங்கள் வெறும் காகிதமாக ஆயின. 1962ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் பிறந்து வளர்ந்தவர்களும் அதற்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்தார்கள். சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டவர்கள் அவர்கள்தான். இங்கே ஒட்டாமல் திரும்பவும் தரைவழியாகப் பர்மாவுக்கே போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. ஐயா நடந்து கடந்த தாமுவுக்கு நேர் எதிரே, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். அங்கே இப்போது தமிழ்க் கோயில் இருக்கிறது. இது ஐயாவுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்பத்தாவிடம் நான் இதையெல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்கவில்லை. “ஐயா கதையைச் சொல்லு அப்பத்தா” என்று கேட்டால் அவளும் அந்த ரங்கூன் வரியைத்தான் சொல்வாள். அப்போது என்ன சேலை கட்டியிருந்தாய், யார் வந்து சொன்னது, அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, அவர் ஊருக்கு ஊர் போனபோது கைச்செலவுக்கு யார் கொடுத்தது, இப்படிக் கேட்டால்தான் கதவு திறந்தது. (கைச்செலவுக்கு அவளுடைய தோட்டில் ஒரு ஜோடி போயிருக்கிறது, அதையும் எந்த ஆணும் எனக்குச் சொன்னதில்லை.) வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் சாதனையைக் கேட்காமல் சில்லறை விஷயங்களைக் கேளுங்கள், குறிப்பாகப் பெண்களிடம், குறிப்பாக “அதுக்கப்புறம் என்ன ஆச்சு” என்று. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் மறுக்க மாட்டார்கள், பேச்சு நடுவே போனை மறந்தே போவார்கள். சொன்னதில் ஊர்ப் பெயரும் தமிழ் மாதமும் கிடைத்துவிட்டால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்திலோ அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் அரசாங்கத் தாள்களையும் வைத்து ஒத்துப் பார்க்கலாம். ஐயாவின் தேதிகளை நான் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒவ்வொன்றும் பொருந்தியது. மாண்டலே எரிந்த பங்குனி மாதம் நோட்டிலும் பங்குனிதான்.

அப்பத்தா 2013ல் போய்விட்டாள். அதற்குப் பிறகு நோட்டில் உள்ள ஊர்களுக்கு நானும் போக ஆரம்பித்தேன், அந்தக் குடும்பங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க. பல ஊர்களில் யாருக்கும் நினைவில்லை. அறந்தாங்கிப் பக்கத்து ஊர் ஒன்றில் பேரன் இருந்தார், அறுபது வயது தாண்டியவர், அவருடைய அப்பாவுக்கு ஐயா வந்து சொன்னபோது எட்டு வயதாம். ஐயா சொன்ன தேதியைக் கணக்கு வைத்து இன்றைக்கும் சித்திரையில் திதி கொடுக்கிறார்கள். நோட்டைக் கையில் வாங்கி, தாத்தாவின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, வரியின் கடைசியில் இருக்கிற இந்தக் கோடு என்ன என்று கேட்டார். இவ்வளவு தூரம் போய்விட்டு, கேட்டவரிடம் மறைப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: “எங்கப்பாவுக்கு அது தெரியும்மா. பின்னால அதே பாதையில வந்த வேற ஒருத்தர் சொல்லிட்டாரு. ஒங்க ஐயா எரிச்சோம்னு சொன்னதுனால எங்க அப்பத்தா நிம்மதியாப் போச்சு, அதுனால நாங்க யாரும் வாயத் தொறக்கல.”

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவைத்தேன். பத்தொன்பது பெயர்களில் இதுவரைக்கும் ஐந்து குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். சுழியும் கோடும் இல்லாத பெயர்களில் இரண்டு திருவாடானைப் பக்கத்து ஊர்கள், அவர்கள் வந்து சேர்ந்தார்களா என்பதாவது அங்கே யாருக்காவது தெரிந்திருக்கலாம். மழை விட்டதும் போகிறேன்.